தாய்லாந்தில் டீச்சர் வேலையா? நண்பர்களோடு எரவான் அருவிக்கு ஒரு வார இறுதி: முழு வழிகாட்டி

பாங்காக்கிலோ பக்கத்து நோந்தபுரி, நக்கோன் பாத்தோம் மாகாணங்களிலோ பள்ளிக்கூட வேலையில் இருப்பவர்கள் வார இறுதியில் போய்வர ஒரு அருவி கேட்டால் என் ஓட்டு எரவானுக்குத்தான். காஞ்சனபுரி மாகாணம், ஏழு அடுக்கு அருவி, சுண்ணாம்புப் பாறை, பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். படத்தில் பார்த்துவிட்டு நிறம் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பீர்கள், நல்ல பருவத்தில் போனால் நேரிலும் அப்படியேதான் இருக்கும்.

ஆனால் போய்விட்டு வந்து "கூட்டம் தாங்கல, மேலே ஏறவே முடியல" என்று சொல்பவர்களும் நிறைய. அவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை காலையில் பாங்காக்கில் கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்தவர்கள். வெள்ளி மாலையே காஞ்சனபுரி போய்த் தங்கிவிடுங்கள், சனி காலை எட்டு மணிக்கு அருவி இருக்கும் தேசியப் பூங்கா திறக்கும்போது வாசலில் நில்லுங்கள், வழியில் எங்கும் குளிக்காமல் ஏழாவது அடுக்குவரை ஏறிவிட்டு இறங்கும்போது குளியுங்கள். திட்டம் இவ்வளவுதான். கீழே எழுதியிருப்பது எல்லாம் இதைச் செய்து முடிப்பதற்கான விவரம்.

எந்த மாதம் போகலாம்

இங்கே பள்ளியின் முதல் பருவம் மே நடுவில் தொடங்கி செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முடியும், இரண்டாவது பருவம் நவம்பரிலிருந்து மார்ச்வரை. அருவிக்கு ஏற்றது இரண்டாவது பருவத்தின் முன்பாதி, அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை. மழை நின்றிருக்கும், தண்ணீர் நிறைய இருக்கும், கலங்கல் தெளிந்திருக்கும், வெயிலும் மண்டையைப் பிளக்காது.

அக்டோபர் லீவில் போகலாமே என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அப்போது மழை உச்சத்தில் இருக்கும், தண்ணீர் பழுப்பாக ஓடும், வேகம் அதிகமானால் மேல் அடுக்குகளை மூடிவிடுவார்கள். மார்ச், ஏப்ரலில் நிலைமை தலைகீழ். கீழே குளங்கள் இருக்கும், ஆனால் மேலே போகப் போக அருவி ஒல்லியாகிவிடும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் பண்டிகை, அந்த நாட்களில் நாடே சாலையில் இருக்கும் என்பதால் அந்த வாரத்தை விட்டுவிடுவது நல்லது.

யாரோடு போவது

நான்கைந்து பேர் சரியான அளவு. ஒரு வண்டியில் அடங்கும், செலவைப் பிரிக்கலாம், ஒருவர் காணாமல் போனால் உடனே தெரியும். பத்துப் பேர் கிளம்பினால் அது ஸ்டாஃப் டூர், அதற்கு வேறு வழிகாட்டி வேண்டும்.

பள்ளியில் தாய்லாந்துக்கார சக ஆசிரியர் யாராவது வருவதாகச் சொன்னால் விடாதீர்கள். வண்டி பேசுவது, பஸ் நேரம் விசாரிப்பது எல்லாம் பாதி நேரத்தில் முடிந்துவிடும். வயதில் பெரியவர் என்றால் பெயருக்கு முன் 'ப்பீ' போட்டுக் கூப்பிடுங்கள், சின்னவர் என்றால் 'நோங்'. நம் ஊர் அண்ணன், அக்கா, தம்பி மாதிரிதான், ஆண் பெண் வித்தியாசம் மட்டும் கிடையாது.

கிளம்பும் முன்பே இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள்: யாருக்கு நீச்சல் தெரியாது, யாருக்கு முழங்கால் வலி. நீச்சல் தெரியாதவர் தாராளமாக வரலாம். முழங்கால் பிரச்சினை உள்ளவரும் வரலாம், மூன்றாவது அடுக்குவரை பாதை சுலபம், அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் காசு வீணில்லை. ஆனால் இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது அடுக்கில் நின்றுகொண்டு "என்னால முடியல, நீங்க போங்க" என்று ஒருவர் சொன்னால் அன்றைய நாள் எல்லோருக்கும் கெட்டுப்போகும்.

வெள்ளி மாலை

பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி ஏறத்தாழ 130 கிமீ. மோ சிட் பேருந்து நிலையம், தென்பகுதிப் பேருந்து நிலையமான சாய் தாய் மாய், இரண்டு இடத்திலிருந்தும் மினிவேன் உண்டு. சாதாரண நாளில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், வெள்ளி மாலை நெரிசலில் அதற்கு மேலும் ஆகலாம். நக்கோன் பாத்தோம் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இதில் பாதி வழி மிச்சம். வேனில் பை வைக்க இடம் குறைவு, பெரிய சூட்கேஸ் கொண்டுபோனால் அதற்கும் ஒரு சீட்டுக் காசு கேட்பார்கள். ஒரு முதுகுப் பை போதும்.

ரயிலும் இருக்கிறது. தோன்புரி நிலையத்திலிருந்து காலை ஒன்று, மதியம் ஒன்று, வெளிநாட்டவருக்கு 100 பாட். அழகான பயணம், ஆனால் பள்ளி விட்டு வெள்ளிக்கிழமை அதைப் பிடிக்க முடியாது.

இந்த ரயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாதை முடியும் ஊரின் பெயர் நாம் தோக், தாய்லாந்து மொழியில் அருவிக்கும் அதே சொல்தான். கடைசி நிலையம்வரை போனால் எரவான் வந்துவிடும் என்று நினைத்து டிக்கெட் வாங்குபவர்கள் உண்டு. காஞ்சனபுரி ஊரில் இரண்டு ஆறுகள் சேர்கின்றன, க்வாய் யாய், க்வாய் நோய். எரவான் இருப்பது க்வாய் யாய் பக்கம், ரயில் போவது க்வாய் நோய் பக்கம். நாம் தோக்கில் இறங்கினால் பக்கத்தில் கிடைப்பது சாய் யோக் நோய் என்ற சின்ன அருவி. அதுவும் மோசமில்லை, ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல.

தங்குவதற்கு மே நாம் க்வாய் சாலையில் விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. ஆற்றின்மேல் மிதக்கும் அறைகளும் கிடைக்கும், இரவில் கரோக்கே படகு போனால் தூக்கம் போய்விடும் என்பதால் நான் கரையிலேயே அறை எடுப்பேன். பாஸ்போர்ட் கேட்பார்கள், வெளிநாட்டவர் தங்கினால் பதிவு செய்வது அவர்கள் கடமை, எனவே அசலையே கொண்டுபோங்கள். வொர்க் பெர்மிட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், காரணம் கீழே வரும்.

படுக்கும் முன் மறுநாள் வண்டியை உறுதி செய்துவிடுங்கள். ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து 8170 எண் பஸ் எரவானுக்கே போகிறது, தூரம் 65 கிமீ, ஒன்றரை மணி நேரம், 50 பாட் வாக்கில் கட்டணம். ஆனால் முதல் பஸ் கிளம்புவதே காலை எட்டு மணிக்கு. நீங்கள் போய் இறங்கும்போது பாங்காக் டூர் வேன்களும் வந்து இறங்கியிருக்கும். நான்கைந்து பேர் இருந்தால் விடுதியிலேயே சொல்லி ஒரு சோங்தேவையோ (பின்னால் இரண்டு வரிசை பெஞ்சு போட்ட வண்டி) வேனையோ நாள் வாடகைக்குப் பேசி, காலை ஆறரைக்குக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். திரும்பும் நேரத்தையும் சேர்த்தே பேசிவிடுங்கள். பஸ்தான் என்றால், இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். மாலை நான்கு மணியைத் தாண்டினால் கிடைக்கும் என்று நம்பி மேலே சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமே என்றால், இரு சக்கர வாகனத்துக்கான செல்லுபடியாகும் லைசென்ஸ் கையில் இருந்தால் மட்டும். லைசென்ஸ் இல்லாமல் விழுந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், அப்புறம் ஆஸ்பத்திரி பில் உங்கள் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

பையில் என்ன

வாரோடு கணுக்காலைப் பிடிக்கும் செருப்போ, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய கான்வாஸ் ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். ஹவாய் செருப்பு நாலாவது அடுக்கோடு அறுந்துவிடும். மாற்றுடை, துண்டு, செல்போனுக்குத் தண்ணீர் புகாத உறை, கொசு மருந்து, பிளாஸ்டர், சில்லறை நோட்டுகள். சில்லறையை மறக்காதீர்கள், உள்ளே பத்து இருபது பாட் கொடுக்கிற வேலைகள் நிறைய. இன்சூரன்ஸ் அட்டையைப் படம் எடுத்து எல்லோர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலா போலீஸ் 1155.

உடை விஷயத்தில் கவலையே வேண்டாம். தாய்லாந்து மக்களே டி-ஷர்ட், அரைக்கால் சட்டையோடுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள், அதனால் லெகிங்ஸும் முழுக்கை டி-ஷர்ட்டும் போட்டுக் குளிக்கும் நம் பெண்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். உங்கள் மாணவர்கள் பார்ப்பார்கள், அது வேறு விஷயம். இந்த நாட்டில் எந்த அருவிக்குப் போனாலும் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கை கூப்பி "டீச்சா!" என்று ஒரு குரல் வரும், பின்னாலேயே அம்மா, அப்பா, பாட்டி, ஒரு செல்ஃபி. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொடியேற்றத்தில் நிற்கும்போது அந்தப் படம் பள்ளி முழுக்கப் போயிருக்கும். பூங்காவுக்குள் மதுவும் தடை, எனவே அந்த எண்ணத்தோடு வரும் நண்பரை முன்கூட்டியே அடக்கி வையுங்கள்.

சனி காலை: முதலில் ஏறுங்கள்

வாசலில் வெளிநாட்டவருக்கு 300 பாட். தாய்லாந்துக்காரர்களுக்கு இதைவிட மிகக் குறைவு. இங்கேதான் வொர்க் பெர்மிட். இங்கே வேலை செய்கிறோம், வரி கட்டுகிறோம் என்று காட்டிச் சிரித்த முகத்தோடு கேட்டுப் பாருங்கள். சில பூங்காக்களில் சில ஊழியர்கள் உள்ளூர்க் கட்டணம் போடுவதுண்டு. இல்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். டிக்கெட் கவுண்டரில் நின்று நியாயம் பேசுகிற கால் மணி நேரத்தில் பின்னால் மூன்று வேன் வந்துவிடும்.

வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கடைகள், கழிப்பறை, உடை மாற்றும் அறை எல்லாம் இருக்கின்றன. வேலையை முடித்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். முதல் அடுக்கிலிருந்து ஏழாவது அடுக்குவரை இரண்டு கிமீ வாக்கில்தான், ஆனால் ஏற்றம், வேர், ஈரப் பாறை எல்லாம் சேர்ந்து ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இரண்டாவது அடுக்கு தாண்டியதும் ஒரு சோதனை மேசை. உணவுப் பொருள் எதுவும் மேலே போகக் கூடாது. தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம், ஒவ்வொன்றுக்கும் 20 பாட் முன்பணம் கட்டிவிட்டு, இறங்கும்போது பாட்டிலைக் காட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு ஏற்பாட்டினால் மேலே ஒரு பிளாஸ்டிக் குப்பை கண்ணில் படாது. நம் ஊர் அருவிகளை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு பாட்டில் வேண்டும், மேலே கடை கிடையாது.

குரங்குகள் இந்த மேசைக்குக் கீழேதான் அதிகம். அவற்றுக்கு ஜிப் திறக்கத் தெரியும். சும்மா சொல்லவில்லை: என்னோடு வந்த பிலிப்பினோ ஆசிரியர் பையைப் பாறைமேல் வைத்துவிட்டு ஷூ நாடா கட்டக் குனிந்தார், ஒரு குட்டிக் குரங்கு வந்து முன்பக்க ஜிப்பை இழுத்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து, பல்லால் கடித்துப் பார்த்து, உணவு இல்லை என்று தெரிந்ததும் அவர் கண்ணெதிரிலேயே தூக்கிப் போட்டுவிட்டுப் பிஸ்கட் பாக்கெட்டைத் தேட ஆரம்பித்தது. துரத்தினால் பல்லைக் காட்டும். பை முதுகிலேயே இருக்கட்டும்.

மூன்றாவதுவரை சுலபமான பாதை, நான்கு ஐந்தில் படிக்கட்டு, அதற்குமேல் பாறை, மரப் படி, சில இடங்களில் தண்ணீருக்குள்ளேயே கால் வைத்துப் போக வேண்டும். போகும் வழியில் பெரிய மரத்தடியில் வண்ண வண்ணப் பட்டுடைகள் தொங்குவதைப் பார்ப்பீர்கள், மரத்தில் இருக்கும் பெண் தெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு சாத்தியவை. நம் ஆட்களுக்கு விளக்கமே தேவைப்படாது, கூட வரும் வெள்ளைக்கார நண்பருக்கு நீங்களே விளக்கிவிடலாம்.

ஆறாவது அடுக்கை வேகமாகக் கடந்துவிடலாம். ஏழாவதில் உச்சிப் பாறைமீது தண்ணீர் பிரிந்து விழுவது மூன்று தலை யானை போல் தெரிகிறது என்றுதான் எரவான் என்ற பெயரே. நம் இந்திரனின் ஐராவதம்தான் இது. எனக்கு யானை தெரிந்ததில்லை. ஆனால் ஒன்பதரை மணிக்கு அங்கே நின்றால் குளம் கிட்டத்தட்ட உங்களுக்கே சொந்தம், பதினோரு மணிக்கு நின்றால் கால் வைக்க இடம் தேட வேண்டும்.

இறங்கும்போது குளியல்

குற்றாலம் மாதிரி அருவிக்கடியில் தலையைக் கொடுத்து நிற்கலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். இங்கே குளியல் என்றால் குளத்தில் நீந்துவது, நடுவில் ஆழம் உண்டு. லைஃப் ஜாக்கெட் கட்டாயம், வாடகை 20 பாட், நீச்சல் தெரிந்தாலும் போட்டுத்தான் ஆக வேண்டும். எண்ணெய், சீயக்காய், சோப்பு எதையும் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

அப்புறம் மீன்கள். தண்ணீருக்குள் காலை வைத்து அசையாமல் நில்லுங்கள், பத்து விநாடிக்குள் வந்துவிடும். முதலில் விரல் நீளக் குஞ்சுகள் கால் விரல் இடுக்கில் கூசும், அதைச் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்வீர்கள். பிறகு முழங்கை நீளத்தில் கறுத்த மீன்கள் வந்து குதிகாலில் மொத்தமாக வாயை வைத்து உறிஞ்சும், பல் இல்லாத வாய், வலிக்காது, ஆனால் மனசு கேட்காது. காலை ஆட்டிக்கொண்டே இருந்தால் கிட்ட வராது, நின்றால் வந்துவிடும். நம் கூட்டத்தில் தைரியசாலி யார் என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும், பெரும்பாலும் வாய் பேசுகிறவராக இருக்க மாட்டார்.

குளிக்க எனக்குப் பிடித்தவை ஐந்தாவதும் இரண்டாவதும். ஐந்தாவதில் சின்னச் சின்னத் தொட்டிகளாகக் குளங்கள், நீச்சல் தெரியாதவர்களுக்கு அதுதான் இடம். இரண்டாவதில் அகலமான குளம், நீந்திப் போனால் விழுகிற தண்ணீர்த் திரைக்குப் பின்னால் பாறைக் குடைவுக்குள் போய் நிற்கலாம். நான்காவதில் வழவழப்பான உருண்டைப் பாறைகள், மேலேயிருந்து சறுக்கி இறங்க வரிசை நிற்கும். இளவட்டங்கள் ஆசைப்பட்டால் விடுங்கள். பாறைமேலிருந்து தலைகீழாகக் குதிப்பதை மட்டும் யார் கேட்டாலும் அனுமதிக்காதீர்கள். மழை நாளில் தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, இலை தழை குச்சி மிதந்து வந்தாலோ, மேலே எங்கோ கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். எல்லோரையும் உடனே கரையேற்றுங்கள்.

மூன்று மணி வாக்கிலிருந்து காவலர்கள் மேல் அடுக்குகளிலிருந்து ஆட்களை இறக்கத் தொடங்குவார்கள், நாலரைக்குப் பூங்கா மூடல். நீங்கள் அதற்கு முன்பே பசியில் இறங்கி வந்திருப்பீர்கள்.

சாப்பாடு

வாசல் கடைகளில் சுட்ட கோழி, பசையரிசி, பப்பாளிக்காய் சாலடான சோம் தாம். காரம் "பெத் நோய்" என்று சொன்னால் நமக்குச் சரியாக இருக்கும். சைவம் என்றால் "கின் ஜே" என்று சொல்லுங்கள், அதில் வெங்காயம் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அருவிக் கடையில் ஜே சமைப்பது அரிது, எனவே சோம் தாம் கேட்டு "மை சாய் நாம் ப்லா, மை சாய் குங்" என்று மீன் சாறும் காய்ந்த இறாலும் வேண்டாம் என்று சொல்வதுதான் நடைமுறை. கண்டிப்பான சைவக்காரர்கள் காஞ்சனபுரியிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வந்து சோதனை மேசைக்குக் கீழேயே சாப்பிட்டுவிடலாம், குரங்குகளை ஒருவர் காவல் காக்க வேண்டும்.

ஞாயிறு: ரயில் பாதையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

அருவியைச் சனிக்கிழமையிலேயே முடிக்கச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஞாயிறு அலைந்துவிட்டு இரவு வந்து சேர்ந்தால் திங்கள் முதல் பீரியட் ஓடாது. இன்னொன்று, காஞ்சனபுரியில் தமிழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாமுக்கும் (தாய்லாந்தின் பழைய பெயர்) பர்மாவுக்கும் இடையில் 415 கிமீ ரயில் பாதை போட்டார்கள், 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகளாக இருந்த நேச நாட்டுச் சிப்பாய்கள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் அதில் பல்லாயிரம் பேர். ஊருக்கு நடுவில் இருக்கும் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், புல்வெளியை அவ்வளவு அழகாகப் பராமரிக்கிறார்கள். அத்தனையும் சிப்பாய்களுடையவை. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படித் தனித்தனிக் கல் கிடையாது. கல்லறைக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் அந்தப் பாதையின் க்வாய் ஆற்றுப் பாலத்தில் நடங்கள். வெறும் பாலத்தில் செல்ஃபி எடுத்துவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

நேரம் இருந்தால் காலை ரயிலில் நாம் தோக் பக்கம் போய் வரலாம். போகும்போது இடது பக்க ஜன்னல். தாம் க்ராசே என்ற இடத்தில் பாறைச் சுவரை ஒட்டி மரத்தூண்களின்மேல் ரயில் ஊர்ந்து போகும், கீழே ஆறு. திரும்பி வந்ததும் தாமதிக்காமல் வேனைப் பிடித்துவிடுங்கள். ஞாயிறு மாலை பாங்காக் போகும் வேன்களுக்கு வரிசை நீளம்.

செலவு

இரண்டு இரவு அறையைப் பகிர்ந்து, வண்டியையும் பகிர்ந்தால் தலைக்கு 2,000 பாட் சுற்றி முடியும். 8170 பஸ்ஸில் போனால் இன்னும் குறையும். ஒருவரே எல்லாவற்றுக்கும் கட்டிவிட்டு, ஞாயிறு வேனில் உட்கார்ந்தபடியே செல்போன் பணப் பரிமாற்றமான ப்ராம்ப்ட்பே மூலம் வாங்கிவிடுவது நல்லது. திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் வசூலிக்கலாம் என்று விட்டால் வராது.

கார் இருந்தால், மூன்று நாள் லீவும் இருந்தால்

ஹுவாய் மே காமின் என்று இன்னொரு அருவி, எரவானுக்கும் மேலே ஸ்ரீநகரிந்த் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி. அதுவும் ஏழு அடுக்கு, கூட்டம் குறைவு, அருவிக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடிக்கலாம். என்னைக் கேட்டால் எரவானைவிட இதுதான் அழகு. ஆனால் பஸ்ஸை நம்பிப் போகிற இடமில்லை, கைவசம் வண்டி வேண்டும், மலைப் பாதையில் நிதானமாக ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். டிசம்பர் 5, டிசம்பர் 10 இரண்டும் அரசு விடுமுறை. இவற்றில் ஒன்று வெள்ளியிலோ திங்களிலோ விழுகிற வருடம் இதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் இரவு நன்றாகக் குளிரும், தாய்லாந்துதானே என்று ஒற்றைப் போர்வையோடு போகாதீர்கள்.